நீலக்கதவு இல்லாத சந்து

சந்தின் வாயில் இரும்பு கேட் போட்ட மறுநாள் காலை, அப்பா வழக்கம்போல வாக்கரைத் தள்ளிக்கொண்டு கடைக்குக் கிளம்பினார். நான் சாப்பாட்டுப் பையுடன் பின்னால் போனேன். கேட் பூட்டியிருந்தது. வாக்கரின் முன்கால்கள் இரும்பில் முட்டும்வரை போய் நின்றார். பூட்டைப் பார்த்தார். பிறகு என்னைப் பார்த்தார்.

"வீட்டுக்குப் போலாம்பா."

"நான் கடைக்குல்ல கிளம்பினேன்," என்றார்.

கடை அம்மாவுடையது. தையல் கடை. எங்கள் தெருவுக்கும் பெரிய சாலைக்கும் நடுவில் ஒரு கிடங்கு இருக்கிறது. கிடங்கின் ஓரமாக ஒரு சந்து. அதில் நுழைந்து நடந்தால் மறுமுனையில் பெரிய சாலை. திரும்பியதும் முதல் கடை எங்களுடையது. சந்தை விட்டால் கால்வாய்ப் பாலம்தான். அதில் ஏறவும் இறங்கவும் படிகள். பக்கவாதம் வந்த பிறகு அப்பாவால் ஒரு படிகூட ஏற முடியாது. ஆட்டோ என்றால் ஊரையே சுற்றிக்கொண்டு வரவேண்டும், இரண்டு பேர் அவரைத் தூக்கி ஏற்றவேண்டும். ஒருமுறை முயன்று பார்த்தோம். தெருவே வாசலுக்கு வந்து பார்த்தது. "நான் என்ன மூட்டையா," என்றார். அதோடு ஆட்டோ பேச்சு முடிந்தது.

கடையில் அவருக்கு வேலை இருந்தது. இடது கையால் பட்டன்களை நிறம் பார்த்துப் பிரித்து டப்பாக்களில் போடுவார். வருகிறவர்களோடு பேசுவார். வாதத்தில் போன பேச்சு அந்தக் கடையில்தான் திரும்பி வந்தது. முதலில் நிறங்களின் பெயர் வந்தது. அடுத்து ஆட்களின் பெயர். அப்புறம் வம்பு. "மனுஷனுக்கு வாய் வந்ததும் வந்துச்சு, என் காது போச்சு," என்று அம்மா வருகிறவர்களிடம் எல்லாம் புகார் சொல்வாள். சொல்லும்போது முகம் மலர்ந்திருக்கும்.

கேட் போட்ட பிறகு அவர் ஜன்னலோரம் உட்கார்ந்தார். முதல் வாரம் வாக்கியங்களாகப் பேசினார். அப்புறம் வார்த்தைகள். அப்புறம் தலையசைப்பு. நான் கண்ணாடிக் கடையின் பின்னறையில் லென்ஸ் தேய்த்துப் பொருத்தும் வேலையில் இருக்கிறேன். தினமும் கொஞ்சம் கொஞ்சமாகத் தேய்ந்துபோவது எப்படி இருக்கும் என்று எனக்குத் தெரியும்.

கிடங்குக்காரர் வார்டு அலுவலகத்தில் எழுதிக் கொடுத்திருந்தார். சந்தின் நடுவில் எப்போதும் சுவர்தான் இருந்தது, அதை இடித்து என் வசதிக்கு வாயில் கேட் போட்டுக்கொண்டேன், பொதுவழி என்று ஒன்று அங்கே இருந்ததே இல்லை என்றார். தெருக்காரர்கள் எதிர்த்து மனு கொடுத்தோம். அடுத்த வாரம் அதிகாரி நேரில் வந்து பார்ப்பதாகப் பதில் வந்தது.

அந்தப் பதில் வந்த சாயங்காலம் தெருவில் பாதிப் பேர் சலூனில் கூடினார்கள். நானும் அம்மாவும் போனோம். சலூன்காரரைத் தெருவில் எல்லாரும் வசனம் என்றுதான் கூப்பிடுவார்கள். எங்கள் படத்தின் வசனம் முழுவதும் அவருக்கு மனப்பாடம்.

எங்கள் படம் என்றால், எங்கள் தெருவில் எடுத்த படம். அம்மா வயிற்றில் நான் இருந்த வருஷம் எடுத்தது. ஊரில் அது அதிகம் ஓடவில்லை. எங்கள் தெருவில் ஓடி முடியவே இல்லை. வசனம் மாமா சலூன் டிவியில் வாரத்துக்கு இரண்டு தடவையாவது போடுவார். தன் வீட்டுக் கதவைப் பார்க்கிறவர்கள், செத்துப்போன நாயைப் பார்க்கிறவர்கள், முடி வெட்டவே வேண்டாதவர்கள் எல்லாரும் வந்து உட்காருவார்கள். கதை சின்னதுதான். ஒரு பெண் வீட்டை விட்டுப் போக நினைக்கிறாள். அப்பா பேச மாட்டேன் என்கிறார். பெண் போகிறாள். அவ்வளவுதான். எனக்கு அதுபோல் இன்னொரு படம் கிடையாது.

"எதுக்கு இவ்வளவு கவலை?" என்றார் வசனம் மாமா. கையில் சீப்பு இருந்தது. "சாட்சி நம்ம கையில இருக்கு. படத்துல அந்தப் பொண்ணு எந்த வழியா ஓடுது?"

"சந்து வழியா," என்றார்கள் நாலைந்து பேர்.

"ஓடிப் போய் எதைத் தட்டுது?"

"நீலக்கதவை."

"அப்புறம் என்ன? அதிகாரியை இந்த நாற்காலியில உக்கார வெச்சு, சீனைப் போடுவோம். நடுவுல சுவர் இருந்திருந்தா பொண்ணு சுவத்துலல்ல மோதியிருக்கும்."

எல்லாரும் சிரித்தார்கள். மனுவிலும் அதையே எழுதியிருந்தோம், சந்து நீலக்கதவுவரை போகும் என்று. எனக்கும் அந்தக் கதவு நன்றாக ஞாபகம் இருந்தது. சின்ன வயதில் அதைத் தொட்டுப் பார்த்ததாகக்கூட ஞாபகம். பெயின்ட் உரிந்து, கொண்டி துருப்பிடித்து.

ஞாயிற்றுக்கிழமை மத்தியானம் வீட்டில் மடிக்கணினியில் அந்தக் காட்சியைப் போட்டேன். அப்பா ஜன்னலிலிருந்து தலையை மட்டும் திருப்பினார். நான் படத்தை நிறுத்தி நிறுத்திப் பார்த்தேன். அழுவதற்காகப் பார்க்காமல் அளப்பதற்காகப் பார்த்தது அதுதான் முதல் முறை.

பெண் சந்தில் நுழைகிறாள். கிடங்குச் சுவர் அவளுக்கு வலப்பக்கம். அவள் நிழல் அந்தச் சுவர்மேல் விழுகிறது. அப்படியானால் காலை நேரம்; எங்கள் சந்தில் காலையில்தான் சுவர்மேல் நிழல் விழும். அடுத்த காட்சியில் மறுமுனையில் வெளியே வருகிறாள். நிழல் இடப்பக்கம் விழுகிறது. அந்தச் சந்தை ஓடிக் கடப்பதற்குள் காலை போய்ச் சாயங்காலம் வந்துவிட்டது. சுவரின் கல்லும் வேறு. எதிரே நீலக்கதவு. எங்கள் சந்தின் எதிரே பஸ் போகிற சாலை.

மறுமுனை வேறெங்கோ எடுத்தது. இரண்டையும் ஒட்டி வைத்திருக்கிறார்கள்.

கடைக்குப் போய் அம்மாவிடம் கேட்டேன். அவள் ஒரு ரவிக்கைக்கு ஊக்கு தைத்துக்கொண்டிருந்தாள்.

"அம்மா, நீலக்கதவு எங்கம்மா இருந்துச்சு?"

"இங்கதான். நம்ம கடை இருக்கிற இடத்துல. கடை வர்றதுக்கு முன்னாடி."

"படம் எடுத்தப்ப நீ எங்க உக்காந்து தைச்சிட்டிருந்தே?"

"இங்கதான்."

"அப்ப கதவு?"

ஊசி நின்றது. அம்மா கடையின் சுவரைப் பார்த்தாள். ஷட்டரைப் பார்த்தாள். வெளியே போகிற பஸ்ஸைப் பார்த்தாள்.

"நான் பார்த்திருக்கேன்டி," என்றாள் மெதுவாக.

"நானும்தான்."

சலூனில் இதைச் சொல்வது எனக்கு எளிதாக இல்லை. நாலு பேர் முன்னால் வாயைத் திறந்தால் எனக்கு நாக்கு ஒட்டிக்கொள்ளும். வசனம் மாமா எனக்கு ஊமைப்படம் என்று பெயர் வைத்திருக்கிறார். இருந்தும் போனேன். நிழல் இடம் மாறுகிறது என்று சொன்னேன்.

"நுழையும்போது வலப்பக்கம் விழுதா?" என்றார். "எத்தனை வருஷமா பார்க்கறேன். இடப்பக்கம்தான் விழும்."

எனக்கு ஒரு நிமிஷம் குழப்பமாக இருந்தது. அப்புறம் புரிந்தது. சலூனில் டிவி நாற்காலிக்குப் பின்னால் இருக்கிறது. முடி வெட்டிக்கொள்பவரும் வெட்டுபவரும் படத்தைக் கண்ணாடியில்தான் பார்க்கிறார்கள். இத்தனை வருஷமாக எங்கள் படத்தை வசனம் மாமா இடம் வலமாகப் பார்த்திருக்கிறார்.

"மாமா, திரும்பி நேரா பாருங்க."

"நேரா பார்த்தா யாரு முடி வெட்டறது?" என்றார். பெஞ்சில் இருந்தவர்கள் சிரித்தார்கள். "ஊமைப்படம் பேச ஆரம்பிச்சதும் முதல் வசனமே படம் பொய்யின்னா எப்படி? உங்கப்பாவுக்காகத்தான் நாங்க நிக்கறோம். நீயே காலை வாரி விடாதே."

வாரி விடவில்லை, விழுவதற்கு முன்னால் சொல்கிறேன் என்று சொல்லத் தோன்றியது. வரவில்லை. வீட்டுக்கு வந்துவிட்டேன்.

வந்து படத்தை முதலிலிருந்து போட்டேன். ஒரு காட்சி பொய்யானால் படம் முழுக்கப் பொய் என்று ஆகாது. ஒட்டு இல்லாத காட்சி ஒன்று வேண்டும். நிறுத்தாமல் ஒரே மூச்சில் எடுத்தது. அதில் சந்தின் இரண்டு வாயும் தெரியவேண்டும்.

அப்படி ஒன்று இருப்பது எனக்கு உடனே நினைவுக்கு வந்திருக்க வேண்டும். மொட்டைமாடிக் காட்சி. பெண் அப்பாவிடம் பேசுகிறாள். அவர் முதுகைக் காட்டிக்கொண்டு துணி காயப்போடுகிறார். கேமரா அசையவே இல்லை. சலூனில் அது வந்தாலே எல்லாரும் எழுந்து டீ குடிக்கப் போவார்கள், இல்லாவிட்டால் வசனம் மாமா ஓட்டிவிடுவார். எனக்குப் பிடித்த காட்சி அது. அறையில் யாரும் இல்லாதபோது நான் அதைப் பேசிப் பார்த்திருக்கிறேன். எப்போதும் அவள் முகத்தையே பார்த்துக்கொண்டிருந்ததால் பின்னால் இருப்பதைப் பார்த்ததே இல்லை.

அவள் தோளுக்கு இந்தப் பக்கம் எங்கள் தெருவும் சந்தின் வாயும். அந்தப் பக்கம் பெரிய சாலையும் மறுவாயும். நடுவில் கிடங்கின் தகரக் கூரை.

"நான் போறேன்னு சொல்ல வரலப்பா. போகட்டுமான்னு கேக்க வந்தேன்" என்று அவள் ஆரம்பிக்கும்போது, கீழே தெருவில் ஒரு மெத்தை நடந்து வருகிறது. சுருட்டிய மெத்தை. அதற்குக் கீழே இரண்டு கால்கள், அவ்வளவுதான். மெத்தையின் ஓரத்தில் வெள்ளையாக ஒரு ஒட்டுத்துணி. மெத்தை சந்தில் நுழைந்து கூரைக்குப் பின்னால் மறைகிறது. பெண் பேசிக்கொண்டே போகிறாள். கடைசியாக, "பதில் சொல்லாட்டியும் பரவாயில்லப்பா. திரும்பிப் பார்த்தா போதும்" என்கிறாள். மெத்தை மறுவாயில் வெளியே வருகிறது. அதே ஒட்டுத்துணி. அதே கால்கள்.

பின்னால் வாக்கர் உரசும் சத்தம் கேட்டது. அப்பா வந்து நின்றிருந்தார்.

"மெத்தை," என்றார்.

"ஆமாம்பா."

"நான்."

திரும்பிப் பார்த்தேன். அவர் திரையையே பார்த்துக்கொண்டிருந்தார். படப்பிடிப்பில் அப்பாவை ஒரு கூட்டக் காட்சியில் நிற்கவைத்து, அவர் கேமராவையே பார்த்ததால் டைரக்டர் துரத்திவிட்டார் என்பது எங்கள் வீட்டில் பழைய கேலி. அம்மா கோபம் வந்தால் இன்னும் சொல்வாள், கேமராவைப் பார்த்த மனுஷன்தானே என்று.

"உங்கம்மாவுக்கு மத்தியானம் படுக்கணும். நீ வயித்துல," என்றார். ஒவ்வொரு சொல்லாக எடுத்து வைத்தார். "கடைக்குக் கொண்டு போனேன். படக்காரன் தெருவுல கயிறு கட்டி வெச்சிருந்தான். மூஞ்சி தெரியக் கூடாதுன்னான்." வாயின் நல்ல பக்கம் மேலே போனது. "தெரியலையே."

கேட் போட்ட பிறகு அவர் பேசிய நீளமான பேச்சு அது.

அதிகாரி வந்த அன்று நான் கண்ணாடிக் கடைக்கு விடுப்பு சொல்லிவிட்டேன். அதிகாரி நடுத்தர வயதுப் பெண்மணி. வேகமாக நடந்தார், வேகமாகப் பேசினார். மூக்குக்கண்ணாடி சரிந்துகொண்டே இருந்தது. நிமிஷத்துக்கு ஒருமுறை ஒரு விரலால் மேலே தள்ளினார். வலது காது பக்கத்துத் திருகாணி தளர்ந்திருந்தது எனக்கு வாசலிலிருந்தே தெரிந்தது.

கிடங்குக்காரரும் வந்திருந்தார். வெள்ளைச் சட்டை, மரியாதையான பேச்சு. அப்பாவைப் பார்த்து, "உடம்பு எப்படி இருக்குண்ணே?" என்று கேட்டார். அப்பா சந்தின் பக்கம் திரும்பிக்கொண்டார்.

வசனம் மாமா அதிகாரியைச் சலூன் நாற்காலியில் உட்கார வைத்து, கண்ணாடியைப் பார்க்கச் சொல்லி, சந்துக் காட்சியைப் போட்டார். பெண் ஓடினாள். கதவைத் தட்டினாள். பெஞ்சில் யாரோ பழக்கதோஷத்தில் மூக்கை உறிஞ்சினார்கள்.

"பார்த்தீங்களா மேடம்," என்றார் வசனம் மாமா.

"நானும் பார்த்தேன்," என்றார் கிடங்குக்காரர். "மேடம், வாங்க, மெயின் ரோட்டுப் பக்கம் போய்ப் பாப்போம். நீலக்கதவு எங்க இருக்குன்னு இவங்க காட்டட்டும். மனுவுலயும் நீலக்கதவுன்னுதான் எழுதியிருக்காங்க. அந்த இடத்துல பஸ் ஸ்டாப் இருக்கு. எங்க தாத்தா காலத்துலேர்ந்து இருக்கு."

வசனம் மாமா ரிமோட்டை அழுத்திப் படத்தை நிறுத்தினார். கிடங்குக்காரர் தொடர்ந்தார்.

"சினிமாவுல ஆள் பறக்கறான் மேடம். அதுக்காக நாம மாடியிலேர்ந்து குதிக்க முடியுமா? பாவம், படத்தைப் பார்த்துப் பார்த்து அதையே நடந்ததா நம்பிட்டாங்க. தப்பு சொல்லல."

அதிகாரி அம்மாவைப் பார்த்தார். "நீங்க அந்தப் பக்கம் கடை வெச்சிருக்கீங்கல்ல? கதவு இருந்துச்சா?"

அம்மா என்னைப் பார்த்தாள். "இல்லை மேடம்," என்றாள்.

வசனம் மாமாவின் முகம் வாடிப்போனது. அதிகாரி நாற்காலியிலிருந்து எழத் தயாரானார். மூக்குக்கண்ணாடி மறுபடி சரிந்தது. அப்பா வாசலில் வாக்கரைப் பிடித்தபடி நின்றிருந்தார். இன்று அதிகாரி எழுந்து போனால், நாளைக்கு அப்பாவிடம் தலையசைப்பும் இருக்காது.

"மேடம்," என்றேன். "உங்க கண்ணாடியைக் கொடுங்க."

எல்லாரும் திரும்பினார்கள்.

"என்னது?"

"திருகாணி லூசா இருக்கு. நான் கண்ணாடிக் கடையில வேலை பார்க்கறேன். ஒரு நிமிஷம்."

கொடுத்தார். பையில் எப்போதும் இருக்கும் சின்னத் திருப்புளியால் முடுக்கினேன். கை வேலையில் இருக்கும்போது எனக்கு நடுங்காது. துடைத்துக் கொடுத்தேன். போட்டுக்கொண்டு தலையை ஆட்டிப் பார்த்தார். சரியவில்லை.

"இப்ப இன்னொரு சீன் பார்க்கணும் மேடம். இதுல ஒட்டு கிடையாது. தூரத்துல தெரியறது ரொம்பச் சின்னது. அதான்."

நாற்காலியைப் பிடித்துத் திருப்பினேன். அவர் சலூன் கண்ணாடியை விட்டு டிவிக்கு நேராக வந்தார். வசனம் மாமாவிடமிருந்து ரிமோட்டை வாங்கினேன். மொட்டைமாடிக் காட்சியைப் போட்டேன். பழக்கத்தில் இரண்டு பேர் எழுந்தார்கள். அம்மா முறைத்ததும் உட்கார்ந்தார்கள்.

நான் அவளைக் காட்டவில்லை, மெத்தையைக் காட்டினேன். உள்ளே போனது. வெளியே வந்தது. அதிகாரி மறுபடி போடச் சொன்னார். மறுபடி போட்டேன்.

"அந்த ஒட்டு நான் போட்டது," என்றாள் அம்மா திடீரென்று. "தலையணை உறையை வெட்டிப் போட்டேன். ஐயோ, அந்த மெத்தை." பிறகுதான் அப்பா பக்கம் திரும்பினாள். அப்பா கூரையைப் பார்த்தார்.

"அது யாருன்னு யாருக்குத் தெரியும் மேடம்," என்றார் கிடங்குக்காரர். குரலில் மரியாதை கொஞ்சம் குறைந்திருந்தது. "இந்தப் பக்கம் ஒருத்தன் மெத்தையைக் கொண்டு போய் வெச்சிருப்பான். அந்தப் பக்கம் இன்னொருத்தன் இன்னொரு மெத்தையோட வந்திருப்பான். நடுவுல சுவர் இருந்துச்சு."

"ஒரே மாதிரி ஒட்டு போட்டு ரெண்டு மெத்தையா?" என்றார் அதிகாரி.

"சினிமாக்காரங்க எது வேணா செய்வாங்க."

"நடந்து பார்க்கலாம் மேடம்," என்றேன். "மாடி இன்னும் இருக்கு. கேட்டைத் திறந்துவிடச் சொல்லுங்க. ஒரு ஆள் மெத்தையைத் தூக்கிட்டு நடக்கட்டும். நான் மாடியிலேர்ந்து வசனம் பேசறேன். படத்துல எந்த வார்த்தைக்கு உள்ள போகுதோ அதே வார்த்தைக்குப் போகணும். எந்த வார்த்தைக்கு வெளிய வருதோ அதுக்குச் சரியா வந்தா, ஒரே ஆள் நடந்து வர்ற நேரம் அதுதான்னு அர்த்தம். பாலம் சுத்திப் போனா அந்த நேரத்துல படிகூட ஏற முடியாது. நடுவுல சுவர் இருந்தா வரவே முடியாது."

வாழ்க்கையில் நான் நாலு பேர் முன்னால் அவ்வளவு பேசியதில்லை. முடித்த பிறகுதான் தெரிந்தது, முடித்துவிட்டேன் என்று.

அதிகாரி கிடங்குக்காரரைப் பார்த்தார். "சாவி இருக்கா?"

"இருக்கு. ஆனா…"

"ஆய்வுக்கு நான் எப்படியும் உள்ள போய்ப் பார்க்கணும். திறங்க."

மாடிவீட்டு டீச்சர் காய்ந்துகொண்டிருந்த புடவைகளை அள்ளிக்கொண்டு எங்களுக்கு வழி விட்டார். கீழே வசனம் மாமா எங்கள் வீட்டு மெத்தையைச் சுருட்டித் தோளில் ஏற்றிக்கொண்டு தெருமுனையில் நின்றார். "இத்தனை வருஷம் கழிச்சு எனக்கு ஒரு வேஷம் கிடைக்குது, அதுலயும் மூஞ்சி தெரியாது," என்று அவர் சொன்னது மாடிவரை கேட்டது.

அதிகாரி என் பக்கத்தில் நின்று டிவியிலிருந்து தன் போனில் எடுத்துக்கொண்ட அதே காட்சியை ஓடவிட்டு, சத்தத்தை அணைத்தார். "ம்," என்றார்.

தெரு முழுக்க நிமிர்ந்து பார்த்துக்கொண்டிருந்தது. நான் கைப்பிடிச் சுவரில் கை வைத்தேன். வெயிலில் சுட்டது. அவளும் அங்கேதான் கை வைத்திருந்தாள்.

"நான் போறேன்னு சொல்ல வரலப்பா," என்றேன். "போகட்டுமான்னு கேக்க வந்தேன்."

மெத்தை சந்தில் நுழைந்தது.

நான் வேகமாகப் பேசவில்லை. அவள் நிறுத்திய இடங்களில் நிறுத்தினேன். எனக்குக் காய்ச்சல் வந்தா நீங்கதான் முழிச்சிருப்பீங்க. நிறுத்தம். இப்ப உங்களுக்குக் காய்ச்சல் வந்தா எங்கிட்ட சொல்லவே மாட்டேங்கறீங்க. நீள நிறுத்தம், படத்தில் அங்கே அவர் ஒரு சட்டையை உதறுவார். கீழே தெருவில் சிலர் என்னோடு சேர்ந்து உதடு அசைத்தார்கள். இந்தக் காட்சிக்கு எழுந்து போனவர்கள்தான். ஆனாலும் தெரிந்திருந்தது.

"பதில் சொல்லாட்டியும் பரவாயில்லப்பா," என்றேன். பெரிய சாலைப் பக்கம் நான் பார்க்கவில்லை. பார்த்தால் வேகம் மாறிவிடும். "திரும்பிப் பார்த்தா போதும்."

"வந்துட்டார்," என்றார் அதிகாரி. போனைப் பார்த்தார், சாலையைப் பார்த்தார். "சரியா வந்துட்டார்."

கீழே வசனம் மாமா மெத்தையை இறக்கிப் போட்டுவிட்டு, சாலையோரம் நின்று பஸ்ஸுக்குக் கும்பிடு போட்டார்.

நாங்கள் இறங்கியபோது கிடங்குக்காரர் புதிதாக ஒன்றைப் பிடித்திருந்தார். "படம் எடுக்கறவங்க கேட்டுக்கிட்டாங்கன்னு அன்னைக்கு ஒரு நாள் எங்கப்பா வழி விட்டிருக்கலாம் மேடம்."

"அப்ப சுவர் இல்லைங்கறீங்க," என்றார் அதிகாரி.

கிடங்குக்காரர் சட்டைக் காலரை இழுத்துவிட்டுக்கொண்டார்.

"எப்பவும் சுவர் இருந்துச்சுன்னுதான் எழுதிக் கொடுத்திருக்கீங்க. அது இல்லைன்னு ஆயிருச்சு. மத்ததை நான் அக்கம்பக்கம் விசாரிச்சு முடிவு பண்றேன். உடனே சொல்ல முடியாது." என் பக்கம் திரும்பினார். "அவசரப்படாதீங்க. நாளாகும்."

"அதுவரைக்கும் கேட் என் பூட்டுல இருக்கட்டும்," என்றார் கிடங்குக்காரர். சாவியை எடுத்துக்கொண்டு சந்தின் வாய்க்குப் போனார். கேட்டை இழுத்தார்.

"இருங்க," என்றாள் அம்மா. "அவரு எங்க?"

சலூன் வாசலில் அப்பா இல்லை. எங்கள் வீட்டு ஜன்னலிலும் இல்லை. நான் சந்துக்குள் எட்டிப் பார்த்தேன். நாங்கள் மாடியில் இருந்தபோது, மெத்தைக்குப் பின்னால் அவர் கிளம்பியிருக்க வேண்டும். ஈரத்தரையில் வாக்கரின் தடம் நாலு நாலு புள்ளியாக மறுமுனைவரை போயிருந்தது.

எல்லாரும் சந்து வழியாகப் போனோம். முன்னால் அதிகாரி, கடைசியில் கிடங்குக்காரர். கடையில், தன் முக்காலியில், அப்பா உட்கார்ந்திருந்தார். மடியில் பட்டன் டப்பா. இந்த வாரங்களில் கலந்து கிடந்த பட்டன்களைப் பிரித்துக்கொண்டிருந்தார். வேர்த்து நனைந்திருந்தார்.

"அண்ணே, வாங்க, கேட்டைப் பூட்டணும்," என்றார் கிடங்குக்காரர்.

"பூட்டிக்கோ," என்றார் அப்பா.

"நீங்க அந்தப் பக்கம் வரணும்ல."

"வேலை இருக்கு."

"எப்ப வருவீங்க?"

அப்பா ஒரு பட்டனை வெளிச்சத்தில் பிடித்துப் பார்த்தார். "கறுப்பா, கருநீலமா?" என்று என்னிடம் கேட்டார்.

"கருநீலம்பா."

அதை அதன் டப்பாவில் போட்டார். பிறகு கிடங்குக்காரரை நிமிர்ந்து பார்த்தார். "கடை சாத்தினப்புறம். நாளைக்குக் காலையில திரும்ப இங்க வரணும்."

"ஆட்டோ…" என்று கிடங்குக்காரர் ஆரம்பித்தார்.

"நான் மூட்டை இல்லை," என்றார் அப்பா. தெளிவாகச் சொன்னார். ஒரு சொல்லும் குழறவில்லை.

அதிகாரி பாலத்தைக் காட்டி, "அதுல ஏற மாட்டாரா?" என்று என்னிடம் கேட்டார். முடியாது என்றேன். அவர் அப்பாவையும் வாக்கரையும் கொஞ்ச நேரம் பார்த்தார். மூக்குக்கண்ணாடியைத் தள்ள விரலைத் தூக்கி, தள்ளத் தேவையில்லை என்று கண்டு இறக்கினார். அம்மாவின் வெட்டுமேஜையில் காகிதத்தை வைத்து எழுதினார். முடிவு வரும்வரை கேட் பகலும் இரவும் திறந்திருக்கவேண்டும். கையெழுத்துப் போட்டு, ஒரு பிரதியைக் கிடங்குக்காரரிடம் கொடுத்தார்.

அவர் படித்தார். பூட்டைச் சட்டைப் பையில் போட்டுக்கொண்டார். பை தொங்கியது.

முடிவு இன்னும் வரவில்லை. வரும்வரை நானும் விடப்போவதில்லை. மனுவைத் திருத்தி, நீலக்கதவு என்று எழுதிய இடங்களை அடித்துவிட்டு, மறுபடி கொடுத்திருக்கிறேன். பேசக் கூப்பிட்டால் போய்ப் பேசுவேன்.

அன்று மத்தியானம் அம்மா மெத்தையைக் கடையின் மூலையில் விரித்தாள். "இதையும் தூக்கிட்டு வந்தாச்சு, கொஞ்சம் படுங்க. எவ்வளவு தூரம் நடந்திருக்கீங்க," என்றாள்.

"தூங்க வந்தேனா இங்க?" என்றார் அப்பா. துணி கொடுக்க வந்த ஒரு பெண்ணிடம் ஏற்கெனவே ஆரம்பித்திருந்தார். "தெரியுமா உனக்கு, நான் ஒரு படத்துல நடிச்சிருக்கேன்."

"அப்படியா? எந்தச் சீன்ல?"

"எல்லாரும் டீ குடிக்கப் போவாங்களே," என்றார், "அந்தச் சீன்ல."